உல்லாசப் படகில் உயிருக்கு என்ன காவல்?

சனிக்கிழமை காலை. தேனி மாவட்டம் குச்சனூரில் சுயம்பு சனீஸ்வரன் கோயில் வாசலில் கூட்டம் நிரம்பி வழிகிறது. ஆடி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். சுரபி நதியில் முழுக்கு. எள் விளக்கு. காக்கைக்குச் சோறு. சாமி கும்பிட்டு முடிந்ததோ இல்லையோ, குழந்தைகள் ஆரம்பித்து விடுகிறார்கள்: "அப்பா, தேக்கடிக்குப் போகலாமா? படகில் ஏறலாமா?"

ஆசைப்படுவதில் தவறு இல்லை. கம்பத்தைத் தாண்டிக் குமுளி மலை ஏறினால் தேக்கடி வந்து விடும். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அங்கிருந்துதான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி வருகிறது.

சோறு போடும் அந்த ஏரியில்தான் 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி ஒரு கோரம் நடந்தது. கேரள அரசின் சுற்றுலாக் கழகம் விட்ட 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் இருந்து போனவர்களும் அதில் உண்டு.

படகு பழையது அல்ல. புத்தம் புதியது! கரையில் நின்ற காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் எழுந்து ஒரே பக்கம் போனார்கள்; படகு சாய்ந்தது என்று தப்பியவர்கள் கூறினார்கள்.

ஏன் கவிழ்கிறது?

தராசைப் போலத்தான் படகும். இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருக்கும் வரை பயம் இல்லை. எல்லோரும் ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கம் தாழும். மேல் தட்டில் ஆள் அதிகம் என்றால் இன்னும் சீக்கிரம் சாயும். தலையில் பானை வைத்து நடப்பவருக்கு இது தெரியும். பாரம் உயரே போனால் ஆட்டம் அதிகம்.

தேக்கடி ஏரி ஆழமானது. பார்த்தாலே பயம் தோன்றும். கடற்கரையில் உள்ள உப்பங்கழி அப்படி அல்ல. கடலுக்கும் கரைக்கும் நடுவே, மணல் திட்டுக்கு உள்ளே அடங்கிக் கிடக்கும் உப்புத் தண்ணீர் அது. அலை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. அதனால் நம்பி விடுகிறோம்.

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரி அப்படிப்பட்டது. இந்தியாவின் உப்பங்கழிகளில் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவே ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா. பல இடங்களில் ஆழம் மிகக் குறைவு. குளிர் காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து, தண்ணீரில் நின்று கொண்டே இரை தேடும்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 25. கிறிஸ்துமஸ், ஞாயிற்றுக்கிழமை வேறு. உல்லாசமாகப் பொழுது போக்க வந்த குடும்பத்தார் மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறினார்கள். பெண்கள், குழந்தைகள், உறவினர்கள். 'லைப் ஜாக்கெட்' என்னும் மிதவைச் சட்டை யாருக்கும் இல்லை. படகு கவிழ்ந்தது. 22 பேர் பிணமானார்கள்.

மீன்பிடிப் படகு வலைக்கும் மீனுக்கும் ஏற்றது. தண்ணீரில் பழகிய நாலைந்து பேர் அதில் போவார்கள். பட்டுச் சேலையும் கைக்குழந்தையுமாக இருபது பேர் ஏற அது கட்டப்படவில்லை.

தடை போதுமா?

விபத்துக்குப் பிறகு பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. அப்போதைக்கு அது சரி. ஆனால் ஏரியைக் காண வருகிற கூட்டம் தடையால் நின்று விடுமா? ஆள் ஏற்றிக் கொஞ்சம் காசு பார்த்த படகுக்காரர் வயிற்றுக்கு என்ன செய்வார்? வெளிச்சத்தில் நடந்த காரியம் மறைவில் நடந்தால் ஆபத்து இன்னும் கூடும். அங்கே ஆளை எண்ணுவதற்குக் கூட ஆள் இருக்காது.

முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் அரசின் சுற்றுலாக் கழகமே படகு விடுகிறது. பழவேற்காட்டில் மீனவர்களுக்கே பயிற்சி கொடுத்து, சவாரிக்கு ஏற்ற படகும் உரிமமும் கொடுத்தால் என்ன? உரிமம் என்றால் வெறும் காகிதம் அல்ல. கேரளத்தில் தானூர் கடற்கரையில் 2023 மே 7-ந் தேதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த உல்லாசப் படகு கவிழ்ந்தது. அளவுக்கு மேல் ஆள். 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். தேக்கடி நடந்து 13 ஆண்டுகள் ஆன பிறகு, அதே மாநிலத்தில்!

படகு ஏறாவிட்டால் விடுமுறை பாழ் என்பதும் இல்லை. பழவேற்காட்டில் கரையில் நின்றே பறவை பார்க்கலாம். டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பிள்ளைகள் விட்டுப் பிரிய மாட்டார்கள்.

ஏறத்தான் வேண்டும் என்றால், படகில் எழுதியுள்ள ஆள் கணக்கைப் பாருங்கள். அதற்கு மேல் ஒருவர் ஏறினாலும் இறங்கி விடுங்கள். யானை தெரிந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே பாருங்கள். மிதவைச் சட்டையைக் கையில் வாங்கி மடியில் வைத்துக் கொள்வது நம்மவர் வழக்கம். படம் எடுக்கும் போது சேலை மறைகிறதாம்! கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். குழந்தைக்குச் சிறிய சட்டையைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர் சட்டையைப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலே கழன்று போய் விடும்.