ஏஎம்சியில மிச்சம் பிடிச்ச காசு யாரோட காசு?

இன்னிக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, டேர்ம் இன்ஷூரன்ஸும் இல்ல. உங்க ஆபீஸ்ல லிஃப்ட் பக்கத்துல எப்பவும் பூட்டியே இருக்கிற ஒரு கதவு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? மேல 'ஏஹெச்யூ ரூம்'னு எழுதியிருக்கும். அந்தக் கதவுக்குப் பின்னாடி ஓடுற காசைப் பத்தித்தான் பேசப்போறோம்.

ஏஹெச்யூன்னா ஏர் ஹேண்ட்லிங் யூனிட். சென்ட்ரல் ஏசி கட்டடங்கள்ல சில்லர் தண்ணியைக் குளிர வைச்சு அனுப்பும். அந்தத் தண்ணி ஓடுற காயில் வழியா, ஒரு பெரிய ஃபேன் உங்க ஃப்ளோர் காத்தை இழுத்து, ஃபில்டர் பண்ணி, டக்ட்ல தள்ளும். நீங்க ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் மூச்சு விடுறது இந்தக் காத்துலதான்.

செலவைக் குறைக்கணும்னு மேலிடத்துல இருந்து மெயில் வந்தா, முதல்ல கை வைக்கிற இடங்கள்ல இதோட ஏஎம்சியும் ஒண்ணு. மாசம் ஒரு சர்வீஸ் மூணு மாசத்துக்கு ஒண்ணா ஆகும். மூணு கோட்டேஷன் வாங்கி, இருக்கிறதுலயே கம்மியானதுக்குக் கையெழுத்துப் போடுவாங்க. ஆறு மாசத்துக்கு எதுவும் தெரியாது. அதுதான் இதுல சிக்கலே. என் கருத்து என்னன்னா, அங்க மிச்சம் பிடிக்கிற காசுல பெரும்பகுதியைக் கடைசியில கட்டுறது அந்த ஃப்ளோர்ல உட்கார்ந்து வேலை பார்க்கிற நீங்கதான்.

ஒரு கணக்குப் போடலாம். சுமார் 70 பேர் உட்கார்ற, 5,000 சதுர அடி ஃப்ளோர். அதுக்கு 10,000 சிஎஃப்எம் ஏஹெச்யூ ஒண்ணு, நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் ஓடுதுன்னு வைச்சுக்கோங்க. ஃபில்டர்ல தூசி அடைச்சா காத்தைத் தள்ளுறதுக்கு ஃபேன் அதிக அழுத்தம் கொடுக்கணும். அந்த அழுத்தத்தைப் பாஸ்கல்ல சொல்வாங்க. சராசரியா 100 பாஸ்கல் கூடினா, அதே அளவு காத்தைத் தள்ள ஃபேனுக்கு ஏறத்தாழ 0.8 கிலோவாட் கூடுதலா வேணும். வருஷத்துக்கு 2,880 யூனிட். யூனிட் 9 ரூபாய்னு வைச்சா 25,920 ரூபாய். ஒரு ஹெல்பர் அரை நாள்ல ப்ரீ ஃபில்டரை வெளிய எடுத்து, தண்ணி அடிச்சு, காய வைச்சு, திரும்ப மாட்டியிருந்தா தவிர்த்திருக்கக்கூடிய செலவு இது.

இதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி இல்லாத பழைய ஏஹெச்யூவுல ஃபில்டர் அடைச்சா காத்து குறையும். பல ஃபேன்கள்ல மோட்டார் இழுக்கிற கரண்டும் சேர்ந்து குறையும். மீட்டரைப் பார்த்துட்டு, "பில் ஏறலையே, எல்லாம் சரியாத்தானே ஓடுது?"ன்னு ஒருத்தர் சொல்வார். ஆனா ரூம் குளிராது. 24-ல இருந்த செட்டிங்கை யாரோ 20-க்கு இறக்குவாங்க. ஒரு டிகிரி கூட்டி வைச்சா சுமார் 6% கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பு ஏசிக்குச் சொல்ற கணக்கு இங்க தலைகீழா ஓடும். ஃபேன்ல குறைஞ்ச மாதிரி தெரிஞ்சது சில்லர் பில்லுல வந்து நிக்கும்.

சரி, 25,920-ஐ 70 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 370 ரூபாய். இதுக்காகவா ஒரு பதிவுன்னு தோணும். நியாயம்தான், கரண்ட் இதுல சின்ன செலவு. சம்பளத்தை வைச்சுப் பாருங்க. மாசம் 40,000 வாங்குற ஒருத்தரோட ஒரு நாள், 25 வேலை நாள் கணக்குல, 1,600 ரூபாய். 70 பேரும் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் கூடுதலா சிக் லீவ் போட்டா 1,12,000 ரூபாய். கரண்ட் நஷ்டத்தைப் போல நாலு மடங்குக்கு மேல. உங்க பக்கம் இதை எழுதணும்னா, சிக் லீவ் தீர்ந்ததும் கை வைக்கிறது ஏர்ன்ட் லீவ்ல. பல கம்பெனிகள்ல காசா மாத்திக்கக்கூடிய லீவ் அது. அதுவும் தீர்ந்தா சம்பளப் பிடித்தம். டாக்டர் ஃபீஸ், மாத்திரை தனி. உங்க இருமலுக்கு ஏஹெச்யூதான் காரணம்னு யாரும் நிரூபிக்க முடியாது, அது உண்மை. அதனாலதான் இந்தச் செலவு யார் பட்ஜெட்லயும் வராம உங்க பாக்கெட்ல இருந்து போகுது.

ஃபில்டரை விட எனக்குக் கோபம் வர்ற விஷயம் ஃப்ரெஷ் ஏர் டாம்பர். வெளிக்காத்தை உள்ள விடுற சின்னக் கதவு. சென்னைக் காத்துல ஈரம் அதிகம், அதை உள்ள எடுத்தா சில்லருக்கு வேலை கூடும். அதனால மூடி வைக்கிற ஆசை வர்றது புரியுது. ஆனா நிறைய இடத்துல மூடினது மூடினபடியே துருப்பிடிச்சு நிக்குது. அமெரிக்க ஏசி பொறியாளர்கள் சங்கமான ஆஷ்ரேயோட கணக்குப்படி ஆபீஸ்ல ஆளுக்கு 5 சிஎஃப்எம், கூடவே சதுர அடிக்கு 0.06 சிஎஃப்எம் வெளிக்காத்து வேணும். நம்ம ஃப்ளோருக்கு 350 கூட்டல் 300, மொத்தம் 650. சுத்துற 10,000-ல இது 6.5% தான்.

கரண்டை மிச்சம் பிடிக்க வெளிக்காத்துல கை வைச்ச கதை அமெரிக்காவுலயே நடந்தது. 1970-களோட எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம், 1981-ல ஆஷ்ரே தன் விதியை ஆளுக்கு வெறும் 5 சிஎஃப்எம்னு இறக்கிச்சு. அந்தக் காலகட்டத்துலதான் தலைவலி, கண் எரிச்சல், சோர்வுன்னு ஆபீஸ் ஆபீஸா புகார் வந்து, 'சிக் பில்டிங்' அப்படின்ற பேரே பிரபலமாச்சு. 1989-ல குறைந்தபட்சம் 15-ன்னு திரும்ப ஏத்தினாங்க. 2015-ல ஹார்வர்டு ஆய்வாளர்கள், ரசாயன ஆவியைக் குறைச்சு வெளிக்காத்தைக் கூட்டின நாட்கள்ல, யோசிச்சு முடிவெடுக்கிற டெஸ்ட்ல மார்க் 101% அதிகம்னு வெளியிட்டாங்க. கலந்துக்கிட்டது 24 பேர்தான், அதனால அந்த எண்ணை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம் உண்டு. ஆனா அது காட்டுற திசை தப்பில்ல. மதியம் மூணு மணி மீட்டிங்ல உங்களுக்கு வர்ற தூக்கத்துக்கு எல்லாப் பழியும் சாம்பார் சாதத்து மேல போட வேண்டாம்.

மத்த வேலைகளும் பெரிசா ஒண்ணும் இல்ல. காயிலுக்குக் கீழ இருக்கிற ட்ரெயின் பேன்ல பாசி கட்டாம கழுவணும். அதோட பைப்ல யூ வளைவு சரியா இல்லன்னா ஃபேன் இழுக்கிற இழுப்புல தண்ணி வெளிய போகாம உள்ளயே தேங்கும். ஈரத் துணி வாசனை வர்ற ஃப்ளோர்ல முதல்ல இதைப் பாருங்க. பெல்ட்டை இறுக்கணும், ஒண்ணு அறுந்தா செட்டா மாத்தணும். பேரிங்குக்கு அளவா கிரீஸ்.

இதெல்லாம் நடக்குதான்னு எப்படித் தெரியும்? அந்தக் கதவுல ஒரு சர்வீஸ் ஷீட் தொங்கும். மூணு மாச டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வுல இருந்தா ஒரே நாள்ல உட்கார்ந்து போட்டதுன்னு அர்த்தம். ஷீட்டை விட நம்பகமானது ஃபில்டர் மேல இருக்கிற பிரஷர் கேஜ். புதுசுல 50 பாஸ்கல் காட்டுற ப்ரீ ஃபில்டர் 150 காட்டினா கழுவுற நேரம் வந்தாச்சுன்னு தோராயமா எடுத்துக்கலாம். சரியான எண் ஃபில்டர் கம்பெனி தர்ற தாள்ல இருக்கும்.

கமர்ஷியல் கட்டடத்துல முதலீடு பண்ற ஆசை உங்கள்ல பலருக்கு இருக்கு. 2024-ல செபி சின்ன ரீட்டுக்கு வழி திறந்து, குறைந்தபட்சம் 10 லட்சம்னு வைச்சதுக்கு அப்புறம் இந்தக் கேள்வி அதிகமா வருது. பிரசண்டேஷன்ல வாடகை வருமானம் இத்தனை சதவீதம்னு பெரிய எழுத்துல போடுவாங்க. வழக்கமான பராமரிப்பு பொதுவா வாடகைதாரர் கட்டுற சிஏஎம்ல போகும். மெஷினையே மாத்துற செலவு பெரும்பாலும் ஓனர் தலையில, அதாவது உங்க தலையில. ஆஷ்ரேயோட பழைய பட்டியல்ல காயிலுக்கு 20 வருஷம், ஃபேனுக்கு 25 வருஷம் ஆயுள். சர்வீஸ் பார்க்காத கட்டடத்துல அவ்வளவு காலம் வராது. ஏஹெச்யூ எத்தனை வருஷம் பழசு, மாத்த எவ்வளவு ஒதுக்கி வைச்சிருக்கீங்க, ரெண்டும் கேளுங்க. பதில் வரலைன்னா அவங்க சொல்ற வருமானத்துல ஒரு பகுதியை நீங்களே கழிச்சுக்கோங்க.

முதலீட்டை அப்புறம் பார்க்கலாம், உங்க ஃப்ளோர்ல இருந்து ஆரம்பிங்க. நாளைக்கு ஃபெசிலிட்டி டீம்ல ஒருத்தர்கிட்ட, "அண்ணா, அந்த ரூமைக் கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. பலரும் சந்தோஷமாவே காட்டுவாங்க, அவங்க சொல்லியும் மேல யாரும் காது கொடுக்காத விஷயம் இது. கேஜ் எவ்வளவு காட்டுது, டாம்பர் திறந்திருக்கா, ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க.