சைப்ரஸ் நம் மண்ணுக்கு ஏற்ற மரமா?



அண்மைக் காலமாக நம் குடியிருப்புகளிலும் பள்ளி வளாகங்களிலும் ஒரு மோகம் பரவி வருகிறது. நுழைவாயிலின் இருமருங்கிலும் தூண்போல் ஒடுங்கி நிமிர்ந்த சைப்ரஸ் மரங்களை நட வேண்டுமாம். இத்தாலிய மாளிகைகளின் படங்களைக் கண்டவர்களுக்கு அந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. அழகிய மரந்தான், ஓவியர் வான் கோ 1889-ஆம் ஆண்டில் தென் பிரான்சில் இம்மரத்தை மீண்டும் மீண்டும் தீட்டினார். ஆயினும், படத்தைப் பார்த்து மரத்தைத் தெரிவு செய்யும் போக்கை நான் வன்மையாக மறுக்கிறேன்.

நான் அறிந்த ஒரு பள்ளியில் பெற்றோர் தந்த நன்கொடையில் பன்னிரண்டு கன்றுகள் நடப்பட்டன. முதலாண்டில் பசுமையாக நின்றன. பின்னர் அடிக்கிளைகள் பழுப்பேறத் தொடங்கின. உரமிட்டார்கள்; மருந்தடித்தார்கள். இன்று எஞ்சியிருப்பவை மூன்றே. பராமரிப்புப் போதவில்லை என்று தோட்டக்காரர் மீது பழி சுமத்தினார்கள். குற்றம் அவருடையதா? தெரிவு செய்தவர்களுடையது அன்றோ!

சைப்ரஸின் தாயகம் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி. அங்குக் கோடைக்காலம் வறண்டது. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் பெய்யும். ரோம் நகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். கோலாலம்பூரிலோ 2,400 மில்லிமீட்டருக்கும் மேல். நெருக்கமான அதன் இலைத்திரளில் இங்குள்ள ஈரம் உலர்வதே இல்லை; பூஞ்சை எளிதில் பற்றிக்கொள்கிறது. நீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகுகிறது. கேமரன் மலையின் குளிரில் வாழ்வோர் முயன்று பார்க்கலாம். கிள்ளானிலும் சிரம்பானிலும் வாழ்வோருக்கு ஏன் இந்த வீண் முயற்சி?

இன்னொன்றையும் அறிய வேண்டும். சைப்ரஸின் தூண் வடிவம் மனிதர் தெரிந்தெடுத்துப் பேணிய வடிவம். இயற்கையில் கிளை பரப்பி வளரும் சைப்ரஸ்களும் உண்டு. விதையிலிருந்து முளைத்த கன்றுகள் அனைத்தும் தூணாக நிமிரும் என்னும் உறுதியில்லை. மேலும், சைப்ரஸ் என்னும் பெயரில் ஜூனிபர் கன்றுகளும் கைமாறுகின்றன. வாங்குவோர் அறிவியல் பெயரைக் கேட்டறிவது நன்று.

"அயல்நாட்டு மரம் என்பதால் வெறுக்கிறீர்களா?" என்று சிலர் வினவக்கூடும். இல்லை. நம் முன்னோர் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் நின்ற இரப்பரும் அயல்நாட்டு மரந்தானே! பிரேசிலில் எடுத்த விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அங்கிருந்து 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. அவை ஏன் செழித்தன? அமேசான் காட்டைப் போலவே இங்கும் வெப்பமும் மழையும் ஆண்டு முழுவதும் உண்டு. எங்கிருந்து வந்தது என்பதன்று கேள்வி. இங்கு வாழுமா என்பதே கேள்வி.

தூண் வடிவந்தான் வேண்டுமெனில் நெட்டிலிங்கம் இருக்கிறதே! தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். நம் நாட்டுச் சமவெளியிலும் நன்கு வளர்கிறது. கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும் வகை, குறைந்த இடத்தில் நெடிதுயர்ந்து நிற்கும். பச்சைப் புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி அதன் இலையில் முட்டையிடும். பழத்தை நாடிப் பறவைகள் வரும். அறிவியல் பாடத்திற்கு அதனினும் சிறந்த துணைக்கருவி ஏது? சிலர் அதனை அசோக மரம் என்பர், அது பிழை. செந்நிறப் பூங்கொத்துகளையுடைய அசோகு வேறு.

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரத்தையும் மலரையும் வரையறுத்த மரபு நம்முடையது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறினார். அதனை வகுப்பில் பெருமையுடன் கற்பித்துவிட்டு, வாயிலில் மண்ணுக்கு ஒவ்வாத மரத்தை நட்டு அது வாடுவதைக் காட்டினால், மாணாக்கர் எந்தப் பாடத்தை நம்புவர்?

ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிரமுகரின் கண்ணுக்காக அன்று, நாள்தோறும் திடலில் வெயிலில் நிற்கும் பிள்ளைகளுக்காக மரம் தேடுங்கள். வாயிலில் இரண்டு நெட்டிலிங்கம் போதும். எஞ்சிய பணத்தில், திடலோரம் நிழல் பரப்பும் மரங்களை நடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் அடுத்த கூட்டத்தில் இதனைச் சிந்திப்பார்களா?