ஒற்றைக் கியரும் ஓர் அடைமொழியும்

விலையுயர்ந்த கியர்ச் சைக்கிளைக் கடையில் கொடுத்து, கியர் மாற்றும் உறுப்புகள் அனைத்தையும் கழற்றச் செய்து, பின்னால் ஒரே ஒரு பல்சக்கரத்தோடு திரும்பப் பெறுவதற்குக் கூலி கொடுப்போர் மும்பையில் உண்டு. அதற்குப் பெயர் எளிமை. அதே நகரில், விடியுமுன் தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் செல்லும் தமிழரின் சைக்கிளிலும் ஒரே பல்சக்கரந்தான். அதற்குப் பெயர் வறுமை. பொறி ஒன்று, பெயர் இரண்டு. இந்தப் பெயரிடலில் யாருக்கு இலாபம் என்று கேட்கவேண்டியது மொழியோடு புழங்குவோரின் கடமை.

தமிழ் இலக்கணம் அடைமொழியை இருவகைப்படுத்தும். வெண்டாமரை என்றொன்று இருப்பதால் செந்தாமரை இனமுள்ள அடைமொழி. வேறு நிற ஞாயிறு இல்லாமையால் செஞ்ஞாயிறு இனமில்லா அடைமொழி. 1949-இல் அம்பத்தூரில் தோன்றிய டி.ஐ. நிறுவனமும் 1951-இல் சோனிப்பத்தில் தோன்றிய அட்லஸும் ஊர் ஊராக அனுப்பிய கனத்த கறுப்பு வண்டிக்கு அடைமொழியே தேவைப்படவில்லை. அது வெறும் சைக்கிள். கியர் வண்டி பரவிய பிறகே அது 'சாதா சைக்கிள்' ஆயிற்று. மாட்டுங்கா உணவகத்தின் விலைப்பட்டியலில் 'சாதா' தோசைக்கு எந்த இடமோ, அந்த இடமே அதற்கும் கிடைத்தது. இன்று அதே ஒற்றைப் பல்சக்கரம் 'சிங்கிள் ஸ்பீட்' என்னும் மூன்றாம் பெயரோடு கண்ணாடி அலமாரிக்கு ஏறிவிட்டது. ஏறியது பொருள் மட்டுமே. அதை ஐம்பது ஆண்டுகளாக மிதித்தவர் 'சாதா'விலேயே நிற்கிறார்.

மாற்றுவதில் பொறியியல் நியாயம் இல்லாமலில்லை. மும்பை பெரும்பாலும் சமதளம். உப்புக் காற்றும் நான்கு மாத மழையும் சேர்ந்தால், உறுப்பு குறையக் குறையப் பராமரிப்பும் குறையும். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால், பெடலை ஒருமுறை சுற்றப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். தாராவிக்கும் செம்பூருக்கும் இடையே அதற்குமேல் தேவையில்லை. ஆனால் இந்த 'எளிமை'யின் செலவுக் கணக்கைப் பாருங்கள். சாதா சைக்கிளில் பின் அச்சு அமரும் பிளவு கிடையாக நீண்டிருக்கும். நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தால் செயின் இறுகிவிடும். இன்றைய கியர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்தப் பிளவு செங்குத்தானது; செயினை இறுக்குவது கியர் மாற்றியிலுள்ள சுருள்வில். அதைக் கழற்றினால் செயின் தொங்கும். தொங்குவதை இறுக்க இன்னோர் உறுப்பை விலைக்கு வாங்கவேண்டும். இட்லிக்காரரின் வண்டிக்குப் பிறப்பிலேயே இருப்பதைப் பணம் கொடுத்துப் பெறுவதுதான் இங்கே துறவு. துறப்பதற்கும் முதலில் உடைமை வேண்டும்.

'ஃபிக்ஸ்ட் கியர்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ஃபிரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், காலும் சுழன்றாகவேண்டும். மேம்பாலச் சரிவில் மிதிக்காமல் இறங்கும் அந்தச் சில நொடிகள்தாம் பாரம் சுமப்பவருக்கு வழியில் கிடைக்கும் ஓய்வு. ஓய்வைப் பிடுங்கும் பொறியை 'சாலையோடு ஒன்றுதல்' என்று புகழ, அன்றைய கூலி அந்தப் பயணத்தைச் சார்ந்திராதவரால் மட்டுமே இயலும். இந்தப் புகழுரை புதிதுமன்று. டூர் டி பிரான்ஸ் போட்டியை நிறுவிய ஆன்றி தெகிரான்சு, கியர் மாற்றியை வீரக் குறைவாகக் கருதியவர். 1937 வரை அது அப்போட்டியில் அனுமதிக்கப்படவில்லை. பின்னர் நியூயார்க்கில் பொதி சுமந்து பிழைத்த சைக்கிள் தூதர்களின் ஃபிக்ஸ்ட் கியர் வண்டி, அவர்கள் பிழைப்பு உயராமலே, உலக நாகரிகமாயிற்று.

"உழைப்பாளியின் கருவியை நடுத்தர வர்க்கம் மதிப்பது நல்லதுதானே?" என்று கேட்கலாம். மதிக்கப்படுவது கருவியே, உழைப்பாளி அல்லர். மும்பையின் ஆங்கிலத்தில் தலைக்கவசம் அணிந்து ஞாயிறு காலையில் மிதிப்பவர் 'சைக்கிளிஸ்ட்'. நாள்தோறும் பாரத்தோடு மிதிப்பவர் 'வெண்டர்'. சொல்லில் இல்லாதவர் திட்டத்திலும் இருப்பதில்லை. 2009-இல் திறந்த பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. தாராவிக்கு எதிர்க்கரையில், மித்தி ஆற்றுக்கு அப்பால், பாந்த்ரா–குர்லா வளாகத்தில் அமைத்த சைக்கிள் பாதையையும், பயன்பாடு குறைவென்று கூறி, மோட்டார் வாகனங்களுக்கு விட 2025-இல் முடிவெடுத்தார்கள். யாருடைய பயன்பாடு எண்ணப்பட்டது? 

கியரைக் கழற்றுவோர் தாராளமாகக் கழற்றட்டும். ஆய்வேட்டில் 'நிலைத்த போக்குவரத்து' என்று எழுதும் கை மட்டும், சைக்கிளோட்டி என்ற சொல்லுக்குள் இட்லிக்காரரை முதலில் எழுதட்டும். அங்கே அவருக்கு அடைமொழி வேண்டியதில்லை.