வேடிக்கை பார்த்தால் ஈமான் போய்விடுமா?

சீனப் புத்தாண்டை ஒட்டிச் சிங்கப்பூரில் 'சிங்கே' ஊர்வலம் நடைபெறும் நாள்களில் மதுரையின் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு புயல் எழுகிறது. அங்கே பணிபுரியும் நம் பிள்ளை ஒருவர், உடன் வேலை செய்யும் நண்பர்களோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். பின்னால் வண்ண விளக்குகளும் சிங்க நடனமும் அலங்கார வண்டிகளும் தெரிகின்றன. அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. அங்கிருந்து மஹல்லாவின் குழுவுக்குப் போகிறது. பொழுது விடிவதற்குள் அவருடைய ஈமானுக்கு ஜனாஸாத் தொழுகையே நடத்தி முடித்துவிடுகிறார்கள். பெற்ற தாய் மதரஸா வாசலுக்கு வந்து, "ஹஜ்ரத், என் பிள்ளை மார்க்கத்தை விட்டுப் போய்விட்டானா?" என்று கண்ணீரோடு கேட்கிறார். நாமறிந்த ஒரு வீட்டில், பேசி முடித்த நிக்காஹ் இப்படியொரு படத்தால் நின்றே போனது.

இந்தத் தீர்ப்புகள் எந்த ஆதாரத்தின் மேல் நிற்கின்றன என்று கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது. கேட்கிறோம்.

தீர்ப்புக்கு முன் விவரம் வேண்டும். 'சிங்கே' என்பது ஹொக்கியன் மொழிச் சொல். வேடமும் ஒப்பனையும் பூணும் கலையைக் குறிப்பது. முற்காலத்தில் அது தெய்வ உருவங்களைச் சுமந்து சென்ற ஊர்வலங்களோடு சேர்ந்தே இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிங்கப்பூரில் இன்று நாம் காணும் ஊர்வலத்தின் பிறப்பு வேறு. 1972-இல் அந்நாட்டு அரசு பட்டாசு வெடிப்பதைத் தடை செய்தது. களையிழந்த புத்தாண்டுக்கு ஈடாக, 1973-இல் மக்கள் கழகமும் தற்காப்புக் கலைச் சங்கத்தாரும் இணைந்து சிங்கே ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். 1977-இல் மலாய், இந்தியக் குழுக்களும் அதில் சேர்ந்தன. இன்று அது பல இனத்தாரும் ஆடிப் பாடி அணிவகுக்கும் நகர விழா. எந்தக் கோயிலும் அதை நடத்தவில்லை.

பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்குப் போனால் அங்கும் ஒரு சிங்கே உண்டு. அது அந்நகரின் பழைய சீனக் கோயிலிலிருந்து ஐந்து தெய்வங்களின் உருவங்களைச் சுமந்துகொண்டு வீதியுலா வரும் வழிபாட்டு ஊர்வலம். பெயர் ஒன்றுதான், செயல்கள் இரண்டு. முதலாவதை ஓரமாக நின்று பார்ப்பதும், இரண்டாவதில் ஊதுபத்தி ஏந்தி நடப்பதும் மார்க்கத்தின் முன் சமமாகுமா? ஃபிக்ஹு படித்த எவரும் பெயரை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. செயலையும் நிய்யத்தையும் பார்க்கிறார். நம் வாட்ஸ்அப் முஃப்திகளுக்கு மட்டும் ஒரு புகைப்படமே போதுமானதாக இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே ஒரு பெருநாள் அன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க விரும்பியபோது, நபியவர்கள் தம் மேலாடையால் அவர்களை மறைத்து நின்று, அவர்களாகவே சலிப்படையும்வரை பார்க்க விட்டார்கள். அந்த ஆட்டக்காரர்களைத் தடுக்க முற்பட்ட உமர் (ரலி) அவர்களை, விட்டுவிடும்படி நபியவர்களே சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. "அது நம் பெருநாள்; ஆடியவர்கள் முஸ்லிம்கள்" என்று மறுமொழி வரும். சரியான மறுமொழிதான். எனவே பிறருடைய வழிபாட்டில் கலந்துகொள்வதற்கு இதை யாரும் ஆதாரமாகக் காட்ட முடியாது. ஆனால் திறமையான ஆட்டத்தைக் கண்டு மகிழ்வது தன்னளவில் பாவமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறெது?

இன்னொரு செய்தியையும் நினைவூட்டுகிறோம். உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகியவை ஜாஹிலிய்யாக் காலத்தின் பெருஞ்சந்தைகள். வணிகத்தோடு கவிதைப் போட்டியும் குலப்பெருமையும் அங்கே முழங்கின. இஸ்லாம் வந்தபின், ஹஜ் காலத்தில் அந்த இடங்களில் வியாபாரம் செய்வது குற்றமாகிவிடுமோ என்று ஸஹாபாக்கள் தயங்கினார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 198-ஆம் வசனம் இறங்கி அந்தத் தயக்கத்தைப் போக்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஓர் இடத்தின் பழைய வரலாறு மட்டுமே அதை என்றென்றைக்கும் ஹராமாக்கிவிடாது என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

"பிற சமூகத்தாருக்கு ஒப்பாகி நடப்பது கூடாதென்று ஹதீஸ் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது, தலைவணங்கி ஏற்கிறோம். ஒப்பாகுதல் என்பது அவர்களுடைய சமய அடையாளத்தைத் தனதாக்கிக்கொள்வது. பார்ப்பவன் எல்லாம் ஒப்பாகிவிடுகிறான் என்றால், அயலார் திருமண ஊர்வலம் தெருவில் போகும்போது நாம் சன்னலை அடைத்துக்கொள்ள வேண்டும். பேணுதல் கருதி இத்தகைய கூட்டங்களை முற்றிலும் தவிர்ப்பவர்கள் உண்டு. அவர்களை மதிக்கிறோம். தம் பேணுதலை அடுத்தவன் மீது தீர்ப்பாக எறியும்போதுதான் அவர்களை மறுக்கிறோம்.

சிங்கப்பூருக்கு நம்மவர் போனது நேற்றன்று. சூலியா வணிகர்கள் 1826-இலேயே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆப் பள்ளியை நிறுவினார்கள். தெலுக் ஆயர் தெருவில் 1827-இல் ஒரு குடிசைப் பள்ளி எழுந்தது. 'கூச்சுப் பள்ளி' என்று வழங்கிய அதுவே இன்றைய அல்-அப்ரார் பள்ளிவாசல். அதே தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்கா கட்டப்பட்டது. அதே தெருவில்தான் தியான் ஹொக் கெங் என்னும் சீனக் கோயிலும் இருக்கிறது. அதற்குரிய தெய்வச் சிலை 1840-இல் சீனாவிலிருந்து வந்திறங்கியபோது பெரும் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டது. நம் முன்னோர் கண்ணைக் கட்டிக்கொண்டா அந்தத் தெருவில் வாழ்ந்தார்கள்? அண்டை வீட்டாரின் மேளச் சத்தத்துக்கு நடுவிலேதான் அவர்கள் பாங்கு சொன்னார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்தப் பள்ளியில் ஜமாஅத் நடக்கிறது. அவர்கள் ஈமானைக் காத்தது பார்வையை மூடியதால் அன்று, தொழுகையை விடாததால்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரையையே பாருங்கள். சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போது ஆற்றின் வடகரை மக்கள் வெள்ளமாகிறது. கோரிப்பாளையம் தர்கா அங்கிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது. வெயிலில் வாடி வருவோருக்கு முஸ்லிம்கள் நீர்மோர் வழங்குவதை இந்த ஊர் பலமுறை கண்டிருக்கிறது. அவர்கள் எவரும் அழகரை வணங்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். கூட்டத்தை ஓரமாக நின்று பார்த்த நம் சிறுவர்களும் வீடு திரும்பி மக்ரிப் தொழுதார்கள். வைகைக் கரையில் உறுதியாக நின்ற ஈமான், கடல் கடந்ததும் கரைந்துவிடுமா?

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஊர்வலத்தைப் பார்த்த பிள்ளைக்குக் குஃப்ர் பட்டம் கட்டும் அதே தெருவில், நம் ஊர்வலங்கள் எப்படி நடக்கின்றன? சாரட் வண்டியில் மாப்பிள்ளை, முன்னால் செண்டை மேளம், வாசல்தோறும் பட்டாசு, தெருமுனையில் ஆளுயர ஃபிளெக்ஸ், சீர்த்தட்டுகளின் அணிவகுப்பு. இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? அந்தச் சபுராளிப் பிள்ளை ஓவர்டைம் பார்த்து அனுப்பிய காசிலிருந்து. அல்லது பெண்ணைப் பெற்றவர் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிக் கொடுத்த கைக்கூலியிலிருந்து. வட்டியின் ஹராமில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. வீண்விரயம் செய்வோரைக் குர்ஆன் ஷைத்தானின் சகோதரர்களோடு சேர்த்துப் பேசுகிறது. ஆயினும் அந்தத் தெருவில் யாரும் படம் எடுத்து, "இவர் மார்க்கத்தை விட்டுப் போய்விட்டார்" என்று குழுவில் போடுவதில்லை. வலீமா பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறார்கள். அயலான் காசில் நடக்கும் ஊர்வலத்தைச் செலவின்றிப் பார்த்தவன் பாவி. கடன் வாங்கி ஊர்வலம் நடத்தியவர் ஊர்ப் பெரியவர். இந்தத் தராசு எந்தக் கடையில் வாங்கியது?

செய்தியை விசாரித்து அறியும்படி ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. தவறான எண்ணம், துருவி ஆராய்தல், புறம்பேசுதல் மூன்றையும் அதே அத்தியாயம் ஒரே வசனத்தில் தடுக்கிறது. ஒரு படத்தைக் கைமாற்றி, ஒருவனை ஈமானிலிருந்து வெளியேற்றி, ஒரு நிக்காஹை நிறுத்தியவர்கள் இம்மூன்றையும் ஒரே இரவில் செய்து முடிக்கிறார்கள். ஒரு முஸ்லிமைக் காஃபிர் என்பது விளையாட்டுச் சொல்லன்று. அது பொய்யானால் சொன்னவனிடமே திரும்பும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். வேடிக்கை பார்க்கலாம் என்பதால் எல்லாம் ஆகுமென்று பொருளில்லை. ஊர்வலம் இரவில் நடக்கிறது. சிங்கப்பூரில் பிப்ரவரி மாத மக்ரிப் ஏறத்தாழ 7.20 மணிக்கு. இடம் பிடிக்கும் அவசரத்தில் அந்தத் தொழுகை தவறினால், நாம் மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாது. வழிபாடு தொடங்கும் இடத்தில் உங்கள் கால் நிற்கட்டும். மது சுற்றும் வட்டத்தில் உட்காராதீர்கள். பார்வையைப் பேணுங்கள். நண்பர்கள் காரணம் கேட்டால் கூச்சமின்றிச் சொல்லுங்கள். உங்கள் தொழுகைக்காகக் காத்து நிற்கும் சீன நண்பர் உங்களைக் கொண்டுதான் இஸ்லாத்தை அறிகிறார்.

பெற்றோரே, மகன் அனுப்பும் படம் அவன் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை என்பதன் சான்று. அதைக் கண்டு சீறினால் அடுத்த ஆண்டும் அவன் போவான். படம் மட்டும் வராது. பின்னர் உண்மையிலேயே அவன் வழுக்கும் நாளில் உங்களுக்குத் தெரியாமலே வழுக்குவான். "நல்லா இருந்துச்சா அத்தா? மக்ரிப் எங்கே தொழுதே?" என்று கேட்டுப் பழகுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்கள், கைக்கூலி ஊர்வலம் வரும் நிக்காஹுக்குப் பதிவேட்டைத் திறக்கமாட்டோம் என்று ஒரு தீர்மானம் போடட்டும். அதற்குத் துணிவில்லாதவர்கள், கடலுக்கு அப்பால் நிற்கும் பிள்ளையின் ஈமானை அளக்க வரவேண்டாம்.

அல்லாஹ் நம் நாவுகளையும் நம் பிள்ளைகளின் தொழுகைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.