நகல் இருந்தால் மட்டும் போதுமா?

டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர்கள் 2022 நவம்பர் 23-ஆம் தேதி காலையில் முடங்கின. வெளியிலிருந்து ஊடுருவிய விஷமிகள், அவற்றில் இருந்த தகவல்களை யாரும் படிக்க இயலாதபடி பூட்டிவிட்டனர். வெளிநோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை கையால் எழுத வேண்டியதாயிற்று. பல மாநிலங்களிலிருந்தும் ஏழைகள் நாடி வரும் ஆஸ்பத்திரி அது. அங்கே வரிசை நீண்டால், கூலியை இழந்து காத்து நிற்பவர்கள் அவர்களே.

ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பாதிக்கப்பட்டன என்று அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. நல்லவேளையாக, தாக்குதலுக்குத் தப்பிய ஒரு சர்வரில் நகல் இருந்தது. அதிலிருந்து நோயாளிகளின் பதிவுகள் மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டன. ஆயினும் பதிவு, அனுமதி, டிஸ்சார்ஜ் போன்ற பணிகள் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின.

நகல் பத்திரமாக இருந்தும் இவ்வளவு தாமதம் ஏன்? நகல் எடுப்பது ஒரு வேலை. அதைக் கொண்டு அலுவலகத்தை மீண்டும் நடத்துவது வேறு வேலை. விஷமிகள் புகுந்த சர்வரில் நகலை அப்படியே ஏற்றினால் அதுவும் பறிபோகும். முதலில் புதிய சர்வர் வேண்டும். மற்றக் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கழகத்தின் கம்ப்யூட்டர் இணைப்புகள் முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே ஊடுருவலுக்கு இடமளித்தது என்று அரசே கூறியது. அறைக்கு அறை சுவர் இல்லாத வீட்டில் தீ பரவுவதைப் போன்றதே இது.

நகலே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தென் கொரியா காட்டியது. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தேஜான் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் பாட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் கிடங்கு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியில் நகல் வைக்கப்படவில்லை.

நிர்வாகிகள் முன்கூட்டியே விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு. எத்தனை மணி நேரத்துப் பதிவுகளை இழந்தால் தாங்க முடியும்? எத்தனை மணி நேரத்தில் வேலை மீண்டும் தொடங்க வேண்டும்? முதல் கேள்விக்குரிய விடை, எவ்வளவுக்கு ஒரு முறை நகல் எடுப்பது என்பதை முடிவு செய்யும். இரண்டாவதன் விடை, எத்தனை ஆட்களும் சர்வர்களும் தயாராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். மூலத்துடன் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்பது இத்துறையில் பழகிய விதி. அவற்றில் ஒன்றையாவது இணைப்பிலிருந்து துண்டித்து வைப்பது நலம். மூலத்தில் நடப்பதை அந்தக் கணமே பின்பற்றும் இரட்டைச் சர்வர் இதற்கு ஈடாகாது. ஒன்றில் தவறுதலாக அழித்தது மற்றதிலும் அழிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நகலை அவ்வப்போது வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத நகல், திறந்து பார்க்காத பெட்டி. உள்ளே இருப்பது பணமா, காகிதமா என்பது ஆபத்து வந்த பிறகே தெரியும்.

ரேஷன் கார்டு, பிராவிடண்டு பண்டு, வங்கிக் கணக்கு எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவருக்கு அந்தப் பதிவே அத்தாட்சி. மீட்டுப் பார்க்கும் ஒத்திகையை ஆண்டுக்கு ஒரு முறையாவது நடத்தி, அதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை ஒவ்வோர் அரசு அலுவலகமும் வெளியிட வேண்டும். "நகல் இருக்கிறது" என்ற பதிலோடு பொதுமக்கள் திருப்தி அடைவதற்கில்லை.