நாய்க்கு எந்தப் பாஷை?

நாய்க்குத் தமிழ் வராது என்று சொல்லும் கட்சி ஒன்று நம்மிடையே வெகு நாளாக இருந்து வருகிறது. இந்தக் கட்சியார் மாட்டைத் தமிழில் அதட்டுவார்கள். மனிதர்களைத் தமிழில் திட்டுவார்கள். நாயைக் கண்டால் மாத்திரம், "கம்! ஸிட்! கோ!" என்று இங்கிலீஷில் இறங்கி விடுவார்கள். அல்சேஷனிடம் அப்படிப் பேசினால், போகட்டும், சீமை ஜாதி என்று விட்டு விடலாம். இராஜபாளையம் நாயிடமுமா?

2005-ம் ஆண்டில் நமது தபால் இலாகா நான்கு இந்திய நாய் ஜாதிகளுக்குத் தபால் தலை வெளியிட்டது. அந்த நான்கில் ஒன்று இராஜபாளையம். வெள்ளை வெளேரென்ற மேனி, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு; வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. அதன் பாட்டன் பூட்டன்மார் கேட்டு வளர்ந்ததெல்லாம் ஊர்த் தமிழும், அங்குள்ள ராஜுக்கள் வீட்டில் பேசும் தெலுங்கும்தான். அதனால் வேட்டையோ காவலோ கெட்டுப் போய்விடவில்லை.

இப்போது இங்கிலீஷும் பழசாகி விட்டது. இராஜபாளையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், ஆண்டாள் தமிழ் பாடிய ஸ்ரீவில்லிபுத்தூரில், என் நண்பர் ஒருவர் தம் நாய்க்கு ஜப்பானிய பாஷை கற்பித்திருக்கிறார். "ஒசுவாரி" என்றால் உட்கார வேண்டும். "மத்தே" என்றால் காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

காரணம் கேட்டேன். இரண்டு சொன்னார். வீட்டில் புழங்காத சொல்லாக இருந்தால் நாய் குழம்பாதாம். திருடன் வந்தால் அவனுக்குக் கட்டளை தெரியாதாம்.

முதல் காரணத்தில் நியாயம் உண்டு. "இரு", "வா" என்ற சொற்கள் நம் வீடுகளில் நாள் முழுவதும் பறக்கின்றன. ஆனால் வீட்டில் யாரும் பேசாத பாஷைதான் வேண்டுமென்றால், செந்தமிழ் இருக்கிறதே! "அமர்" என்று எந்த வீட்டில் யார் யாரிடம் சொல்கிறார்கள்? இரண்டாவது காரணம் வேடிக்கையானது. நாய் அகராதி பார்த்துக் கீழ்ப்படிவதில்லை; பழகிய குரலுக்கும் கைக்கும் கீழ்ப்படிகிறது. அந்நியரை நெருங்க விடாத இராஜபாளையம் நாய், திருடன் தமிழில் "உட்கார்" என்றதும் உட்கார்ந்து விடுமா?

ஜப்பான்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மெய்ஜி காலத்தில் அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள் தங்கள் நாய்களைக் "கம் ஹியர்" என்று கூப்பிட்டதைக் கேட்டு, அதுதான் நாய்க்குப் பெயர் போலும் என்று நினைத்து, சீமை நாய்களையே "கமே" என்று அழைத்தார்கள். இன்றைக்கும் ஜப்பானில் பலர் நாய்க்கு இங்கிலீஷில்தான் கட்டளை இடுகிறார்கள். அவர்கள் பாஷையில் ஆளுக்கும் மரியாதைக்கும் தகுந்தபடி ஏவல் மாறுவதால் நாய் குழம்புமாம். அங்கேயே பலர் ஒதுக்கி வைத்ததை என் நண்பர் இரவல் வாங்கி வந்திருக்கிறார்!

வெறும் வேடிக்கையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அந்த வீட்டில் நாய்க்குச் சோறு வைப்பவள் ஒரு கிழவி. "சோறு வைக்கிறது நானு, பேச்சுக் கேக்கிறது ஜப்பான்காரனுக்கு. நல்லாயிருக்குங்கய்யா நியாயம்!" என்றாள் என்னிடம். நண்பர் ஊரில் இல்லாத நாளில், கதவு திறந்து கிடக்க, தெருவில் போகும் குழந்தையின் மேல் நாய் பாய்ந்தால், அவரது தாயார் என்ன சொல்லிக் கூவுவார்? பதறிய வாயில் "மத்தே" வருமா? வேட்டை இரத்தம் ஓடும் நாயை ஒருவர் வாய்க்கு மட்டும் அடங்கும்படி வளர்ப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல, ஊருக்கு ஆபத்து.

இன்னொன்று. தூய வெள்ளை வேண்டுமென்று தேர்ந்து தேர்ந்து பெருக்கியதில், இந்த ஜாதியில் சில குட்டிகள் பிறவிச் செவிடாகவே பிறக்கின்றன. நிறத்தைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவர்கள், குட்டியின் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார்களா? காது கேளாத நாய்க்கு இங்கிலீஷும் ஜப்பானும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது கைஜாடை.

ஆகவே, நாய் வளர்க்கும் நண்பர்களே! முதலில் குட்டியின் காதைப் பாருங்கள். அப்புறம் பாட்டி முதல் பேரன் வரை எல்லோர் வாயிலும் வருகிற நாலு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அமர், நில், விடு, திரும்பு — இவை போதும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிப் பழகுங்கள். நாய் கற்றுக்கொள்ளும். தமிழ் வராமல் தவிப்பது அது அல்ல, நாம்தான்.