இலவசமாக வரும் உரமும் காசு கொடுத்து வாங்கும் பாட்டிலும்

கேள்வி: மூன்று ஏக்கரில் தென்னை இருக்கிறது. ஊடுபயிராகக் கொஞ்சம் கோகோ. ஒரு தொழிற்சாலையிலிருந்து கறுப்பாக, ஈரமாக ஒரு கழிவை 'நல்ல உரம்' என்று சொல்லி லோடு லோடாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பணம் வேண்டாம், வண்டி வாடகையும் வேண்டாம் என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிப் போட்டுவிட்டார்கள். நாங்களும் போடலாமா?
– ஆனைமலை வட்டாரத்திலிருந்து ஒரு விவசாயி

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு இந்த வருஷம் கூல்டிரிங்ஸ் வேண்டாம், மோரும் பானகமும் கொடுக்கலாம் என்று மகளிர் குழுவில் பேசினோம். 'நம்ம ஊரு ஒண்ணு வாங்கலைன்னா கம்பெனியை மூடிருவானா?' என்று பையன்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. என்ன பதில் சொல்வது?
– கங்கைகொண்டான் அருகிலிருந்து ஒரு வாசகி

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் உண்டு. பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்வரை ஒரு கூடைகூடத் தோப்புக்குள் இறங்கக் கூடாது. காரணம் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனைமலையிலிருந்து மேற்கே மாநில எல்லையைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம். அங்கே பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்ற சிற்றூர் இருக்கிறது. கொடைக்குக் கூல்டிரிங்ஸ் வேண்டுமா என்ற கேள்விக்கும் அந்த ஊரிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்களுக்குச் சித்தூர் வட்டம் ஏமாற்றம் தரும். அது மழை மறைவுப் பகுதி. நெல், தென்னை, நிலக்கடலை என்று கிணற்றையும் வாய்க்காலையும் நம்பிய விவசாயம். ஊரில் பலருக்கு வீட்டுப் பேச்சே தமிழ்தான். எரவாளர், மலசர் போன்ற பழங்குடிக் குடும்பங்கள் பெரும்பாலும் தோட்டக் கூலியை நம்பியவை. இங்கே 2000ஆம் ஆண்டு மார்ச்சில் கோகோ கோலா நிறுவனத்தின் இந்தியப் பிரிவு பாட்டில் ஆலை ஒன்றைத் தொடங்கியது. சுமார் 35 ஏக்கர் நிலம், ஆழ்துளைக் கிணறுகள், ஊராட்சியின் உரிமம் எல்லாம் முறைப்படியே நடந்தன. சில நூறு பேருக்கு வேலையும் கிடைத்தது. வேலை தரும் ஆலையை எந்த ஊர்தான் வேண்டாம் என்று சொல்லும்?

ஓரிரு ஆண்டுகளில் குறை தெரிந்தது அடுப்படியில். பருப்பு வேகவில்லை. சோறு ஒரு மாதிரி ஆனது, வைத்தால் சீக்கிரம் கெட்டது. குளித்தால் உடம்பு அரித்தது. கிணறுகளில் மட்டமும் இறங்கியது. மண்ணியலும் வேதியியலும் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அளவுக்கு மீறினால் பருப்பின் தோல் இளகாது. பிளாச்சிமடைக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தபோது அதன் கடினத்தன்மை மிக அதிகம் என்றுதான் தெரியவந்தது. ஆய்வுக்கூடம் எண்ணாகச் சொன்னதை வீட்டுப் பெண்கள் அதற்கு முன்பே பானையில் கண்டுவிட்டார்கள். எந்த ஊரிலும் நேற்றுவரை வெந்த பருப்பு இன்று வேகவில்லை என்றால், பருப்பைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது.

ஆனைமலை விவசாயி முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அடுத்த சங்கதியை. ஆலையில் சேர்ந்த கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர்களும் தோட்டத்தில் போட்டார்கள். கறுப்பாக, ஈரமாக எது வந்தாலும் அதை எரு என்று நம்பும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. 2003இல் பிபிசி வானொலி அந்தச் சேற்றின் மாதிரியை இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் பரிசோதிக்க வைத்தபோது அதில் ஈயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது. அதன் பிறகே கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தானும் சோதித்து, விவசாயிகளுக்குச் சேறு கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. தன் ஆலையால் பாதிப்பு என்பதை நிறுவனம் மறுத்தே வந்தது. ஆனால் மூன்று ஆண்டுகளாக வண்டி வண்டியாகப் போன சேற்றை நிலத்திலிருந்து யாரும் திரும்ப எடுக்க முடியாது.

காட்மியம் பூச்சிமருந்து போல நாளடைவில் சிதைந்து போகும் பொருள் இல்லை. அது உலோகம். மழையில் கரைந்து ஓடாது, மக்காது. விழுந்த இடத்தில் மேல்மண்ணில் தங்கி, புளிப்புத்தன்மை உள்ள மண்ணாக இருந்தால் இன்னும் சுலபமாக வேருக்குள் ஏறும். நெல்லும் கீரையும் அதை நன்றாக உறிஞ்சும். சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்தில் சேர்ந்து பல ஆண்டுகள் தங்கும். கோகோ மரமும் காட்மியத்தை எடுத்துக் கொட்டையில் சேர்த்துக்கொள்ளும் வகை. சாக்லேட்டில் காட்மியம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஊடுபயிராகக் கோகோ வைத்திருப்பவர் இலவசம் என்று ஒரு லோடு இறக்கினால், பிற்பாடு கொட்டையை விற்கும்போது அதற்கு விலை கொடுக்க நேரலாம்.

பிளாச்சிமடையில் போராட்டம் தொடங்கியது 2002 ஏப்ரல் 22. ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா என்ற எரவாளர் பெண்மணி. கூலி வேலைக்குப் போய் வந்த குடும்பத்தலைவி. பெரிய கட்சிகள் தொடக்கத்தில் ஒதுங்கியே இருந்தன. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கும் போராட்டம் பிடிக்கவில்லை. அது இயல்புதான், அவர்கள் வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே. பந்தல் மட்டும் கலையவில்லை. ஓராண்டு கழித்து, உரிமம் கொடுத்த அதே பெருமாட்டி ஊராட்சி, 2003 ஏப்ரலில் அதைப் புதுப்பிக்க மறுத்தது. வரி வருமானம் வேண்டாம் என்று ஓர் ஊராட்சி முடிவெடுப்பது சாதாரண விஷயம் அல்ல.

வழக்கு உயர்நீதிமன்றம் போனது. 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, ஒரு நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் இஷ்டம்போல் உறிஞ்சிக்கொள்ள முடியாது என்ற பொருளில் தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆனாலும் வறட்சியால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் முழுமையாக ஓடவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் கிடைக்கவில்லை. 2017இல் நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் இனி அங்கே உற்பத்தி செய்யும் எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆலை மூடியதைக் கொண்டாடுபவர்கள் அடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010இல் உயர்மட்டக் குழு ஒன்று இழப்பை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதில் மற்ற எந்த இனத்தையும்விட அதிகம் விவசாய இழப்பு. இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரளச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பிவிட்டது. மயிலம்மா 2007ஆம் ஆண்டிலேயே காலமானார்.

இனி, கொடைக் கமிட்டிப் பையன்களின் கேள்வி. ஓர் ஊர் வாங்காவிட்டால் கம்பெனி மூடாது, உண்மைதான். அதை ஒப்புக்கொண்டே பேசலாம். கம்பெனியை மூட வைப்பது மட்டும்தான் பலன் என்று நினைத்தால் கடைக்குப் போகிற யாரும் எதையும் மாற்ற முடியாது. இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டின் வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அப்போது தாமிரபரணித் தண்ணீரைக் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையின் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுப்பது பற்றிய வழக்கும் நடந்துகொண்டிருந்தது. சங்கங்கள் அறிவித்த தேதிக்கு மறுநாளே, மார்ச் 2இல், மதுரைக் கிளை அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சில மாதங்களில் பாட்டில்களும் கடைக்குத் திரும்பிவிட்டன. உணர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் எது நடந்தால் மறுபடி விற்போம், எது நடக்கும்வரை விற்க மாட்டோம் என்று தெளிவாக ஒரு நிபந்தனை அதில் இல்லை. நிபந்தனை இல்லாத புறக்கணிப்பு வெயில் ஏறியதும் இளகிவிடும்.

மற்றது அமெரிக்காவில் நடந்தது. பிளாச்சிமடைச் செய்தியும் ராஜஸ்தானின் காலா டேரா ஊரில் விவசாயிகள் சொன்ன தண்ணீர்க் குறையும் அங்குள்ள மாணவர்களை எட்டின. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2006 ஜனவரி முதல் கோகோ கோலா பொருட்களை வாங்குவதை நிறுத்தி வைத்தது. ஒரு பல்கலைக்கழகக் கொள்முதல் அந்த நிறுவனத்துக்குத் தூசு. ஆனால் அவர்கள் கேட்டது குறிப்பான ஒன்றை: வெளியார் வந்து சுயேச்சையாக ஆய்வு செய்ய வேண்டும். நிறுவனம் சம்மதித்தது, சில மாதங்களில் பல்கலைக்கழகமும் மீண்டும் வாங்கத் தொடங்கியது. 2008இல் வந்த டெரி நிறுவனத்தின் ஆய்வறிக்கை, காலா டேராவில் தண்ணீரை வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஆலையை இடம் மாற்றவோ மூடவோ வேண்டும் என்ற அளவுக்குப் போனது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் சொன்னது முதன்முறையாக நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஆய்வாளரின் தாளில் ஏறியது.

ஆக, கொடையில் கூல்டிரிங்ஸை நிறுத்துவதோடு ஊர் எதைக் கேட்கிறது என்பதையும் மகளிர் குழு முடிவு செய்துகொள்ள வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு இருமுறை அளந்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று கேட்கலாம். மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கும் கிராமசபை கூடுகிறது. அங்கே தீர்மானமாக எழுதி, நகலைக் கையோடு வாங்கிவைத்தால் அதற்குத் தனிப் பெறுமதி உண்டு.

பையன்களுக்கு ஒரு கணக்கும் சொல்லலாம். கோலா வகையில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி பாட்டிலில் 30 கிராம். கரும்பில் சர்க்கரைக் கட்டுமானம் 10 சதவிகிதம் என்று வைத்தால், அதற்கு 300 கிராம் கரும்பு வேண்டும். ஓராண்டுக் கரும்புக்கு மழையும் பாசனமும் சேர்த்து 2,000 மில்லிமீட்டர் தண்ணீர், ஏக்கருக்கு 40 டன் மகசூல் என்று எடுத்துக்கொண்டால் ஒரு கிலோ கரும்புக்கு 200 லிட்டர். ஒரு சின்னப் பாட்டிலின் சர்க்கரைக்குள் மட்டும் 60 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஆலை உறிஞ்சும் தண்ணீர் வேறு. உள்ளூர்க் கம்பெனியின் கலர், பன்னீர் சோடா வாங்கினால் பாவம் இல்லை என்று நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான், அதிலும் அதே சர்க்கரை. வெல்லப் பானகமும் கரும்புதான். திருநெல்வேலிப் பக்கம் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை, பனைக்கு யாரும் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதும் இல்லை. கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுப் பானகம் கரைத்தால் செலவழிக்கிற காசு பனையேறியின் கைக்குப் போகும். கொடை ஆனிக்குள் வந்தால் பதநீரே கிடைக்கும். மோருக்கு 500 பேருக்குத் தலைக்கு 200 மில்லி என்றால் 100 லிட்டர் வேண்டும். அதற்கு 25 முதல் 30 லிட்டர் தயிர் போதும், ஊர்ப் பால்காரர்களிடமே முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம்.

ஆனைமலை விவசாயிக்கு மீதி விவரம். எல்லா ஆலைக் கழிவும் விஷம் என்று பயப்பட வேண்டாம். சர்க்கரை ஆலையின் பிரஸ்மட், கயிறு ஆலையின் தென்னைநார்க் கழிவு இரண்டையும் முறையாக மக்கவைத்துப் போடலாம். சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை, முலாம் பூசும் பட்டறை ஆகியவற்றின் கழிவுச் சேறு எக்காரணத்தாலும் நிலத்துக்கு வரக் கூடாது. எந்த ஆலை என்றே சொல்லத் தயங்கினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பரிசோதிக்க வேண்டுமானால் குவியலில் பத்து இடங்களில், உள்பக்கத்திலிருந்தும் எடுத்து, பிளாஸ்டிக் தட்டில் கலந்து, ஒரு கிலோ அளவுக்குக் குறைத்துச் சுத்தமான பாலிதீன் பையில் கட்ட வேண்டும். துத்தநாகம் பூசிய வாளி, துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம். வழக்கமான மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துகளைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தாளில் 'நன்று' என்று இருப்பதைக் காட்டி யாராவது நம்பவைத்தால் ஏமாறக் கூடாது. 'கன உலோகப் பரிசோதனை' என்று தனியாகக் கேட்க வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் துறையில் விசாரிக்கலாம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மக்கிய உரத்தில் ஒரு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50 என்பவை உச்சவரம்பு. அறிக்கையில் இந்த மூன்று எண்களையும் முதலில் பார்க்க வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்தில் ஏற்கெனவே இறக்கியது இன்னும் குவியலாகக் கிடந்தால் பரப்ப வேண்டாம், உழவும் வேண்டாம். மழைக்கு முன் மேலே தார்ப்பாய் மூடி, ஆலையையே எடுத்துப் போகச் சொல்லி ஊராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். பரப்பிவிட்டிருந்தால் அந்த இடத்தில் கீரையும் தீவனப்புல்லும் போடுவதையும் மாடு மேய்வதையும் நிறுத்தி, மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும். மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு இட்டுக் கார அமில நிலையை 6.5க்கு மேல் வைத்திருப்பது உலோகம் வேருக்குள் ஏறுவதைக் குறைக்கும். சுண்ணாம்பின் அளவை மண் பரிசோதனை முடிவைப் பார்த்தபின்தான் சொல்ல முடியும்.